கட்டணமும் அதிகாரமும்: சென்னைச் சுற்றுலாவில் கைக்குழந்தையின் இடம் பற்றி ஓர் ஆய்வு

அரையாண்டு விடுமுறைக்குச் சென்னையைச் சுற்றிப் பார்க்க வரும் குடும்பத்தில் கைக்குழந்தை ஒன்று இருந்தால், அதை மூட்டை முடிச்சுகளோடு சேர்த்து எண்ணுவதே வழக்கமாக இருந்து வருகிறது. "ரெண்டு பை, ஒரு கூடை, ஒரு குழந்தை" என்று சரிபார்த்துக்கொண்டு கிளம்புகிறார்கள். கால் டாக்ஸியை நாடாமல் பேருந்திலும் மின்ரயிலிலும் மெட்ரோவிலுமே ஊர் சுற்றுவது என்று உறுதி பூண்ட குடும்பங்களிலும் இதே கருத்துதான் நிலவுகிறது. இது பெரும்பிழை. பொதுப் போக்குவரத்தில் ஒருவர் கொடுக்கும் கட்டணம் கூடக் கூடக் குடும்பத்தில் அவருடைய அதிகாரம் குறைகிறது; ஆகவே எங்கும் காசே கொடுக்காத கைக்குழந்தைதான் அந்தச் சுற்றுலாவின் தலைவர் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் கட்டணத்தைப் பார்ப்போம். ரயில்வே குழந்தையை வயதால் அளக்கிறது: ஐந்து வயது நிரம்பாதவருக்குச் சீட்டு வேண்டாம். அரசுப் பேருந்தும் வயதைத்தான் கேட்கிறது. அங்கே மூன்று வயது வரை என்றிருந்த சலுகை 2022-இல் ஐந்து வயது வரை என்று நீட்டிக்கப்பட்டது. மெட்ரோ மட்டும் வயதை நம்புவதில்லை. பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்வதில் தமிழ்ப் பெற்றோருக்கு உள்ள தேர்ச்சி அதன் காதுக்கு எட்டியிருக்க வேண்டும், 90 செ.மீ. உயரத்துக்குக் கீழே இருந்தால் இலவசம் என்று முழக்கோலை நட்டுவிட்டது. இன்னும் நிற்கவே தெரியாத ஒருவருக்கு உயரம் என்று ஒன்று உண்டா, நீளம் மட்டும்தானா என்ற நுட்பமான கேள்வியை அந்த விதி தொடவில்லை. எப்படியானாலும் மூன்று துறைகளும் மூன்று வழியில் போய்ச் சேருமிடம் ஒன்றே: சுழியம்.

இனி அதிகாரம். ஆய்வுக்கு மிகத் தோதான களம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து. 2021 மே மாதம் முதல் அதில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே தாய்க்கு விலையில்லாச் சீட்டு, குழந்தைக்கு அந்தச் சீட்டும் இல்லை. அப்பா, அம்மா, குழந்தை மூவரில் காசு கொடுப்பவர் தகப்பனார் ஒருவரே. அவருடைய நிலையைக் கவனிக்க வேண்டும். தோளில் ஒரு பை, கையில் வெந்நீர் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் மேல்கம்பி. சில்லறை எடுக்க மூன்றாவது கை இல்லை. "உள்ள போங்க சார், படியில நிக்காதீங்க" என்று நடத்துநர் சொல்வதும் இவரைத்தான். தாய் இடப்பக்கத்து மகளிர் இருக்கையில் எப்படியோ பாதி இடம் பிடித்து அமர்ந்திருக்கிறார். குழந்தையோ தாயின் மடியில்கூட இல்லை. "இப்படிக் குடும்மா" என்று கை நீட்டிய ஜன்னலோரத்து அம்மாளின் மடிக்கு எப்போதோ போய்ச் சேர்ந்து, தாயின் விலையில்லாச் சீட்டை வாயில் வைத்துச் சுவைத்துக்கொண்டிருக்கிறது. பேருந்திலேயே சிறந்த இடமும் பயணச் சான்றும் ஒரே நபரிடம் போய்ச் சேர்வதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

இடம் கிடைப்பது இரக்கத்தால், அதிகாரத்தால் அன்று என்பாரும் உளர். அது பொருந்தாது. இரக்கமென்றால் குழந்தையைச் சுமந்து நிற்பவர்மேல் அல்லவா அது பாய வேண்டும்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு தகப்பனார் ஏறினால் நடப்பது என்ன? குழந்தையை வாங்கிக்கொள்கிறார்கள், அவரை நிற்க விட்டுவிடுகிறார்கள்.

கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் ஓடும் மின்ரயில் இதே விதியை வேறு விதமாக மெய்ப்பிக்கிறது. அங்கே மகளிர் பெட்டி தனி. தாயும் குழந்தையும் அதில் ஏற, தகப்பனார் பைகளோடு பொதுப்பெட்டியில் நசுங்குகிறார். கொய்யாப்பழமும் ஹேர்பின்னும் விற்பனைக்கு வந்துபோகும் அந்த அவையில் குழந்தை மடி மாறி மடி மாறி வீற்றிருக்கும் செய்தி தாம்பரத்தில் இறங்கிய பிறகே அவருக்கு எட்டுகிறது. மெட்ரோவில் நிலைமை சற்றுச் சிக்கலானது. அங்கே தாயும் முழுக் கட்டணம் கொடுக்கிறார். கணவனும் மனைவியும் கட்டணத்தில் சமமாவதால் அதிகாரத்திலும் சமமாகி, லிஃப்டா எஸ்கலேட்டரா என்று நிலைய வாசலிலேயே விவாதம் தொடங்கிவிடுகிறது. தலைவர் மட்டும் குளிர்சாதனக் காற்றில் கண்ணயர்ந்து, இறங்க வேண்டிய நிலையத்துக்கு முந்தைய நிலையத்தில் ஆழ்ந்த உறக்கம் எய்துகிறார்.

தலைவர் என்ற சொல்லை இங்கே மிகைப்படுத்திப் பயன்படுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பாடிய காலந்தொட்டே பிள்ளைத்தமிழில் பாட்டுடைத் தலைவர் குழந்தைதான். சுற்றுலாவைத் திட்டமிடுவோருக்குப் பிள்ளைத்தமிழின் பருவப் பகுப்பைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. ஐந்தாம் மாதத்துச் செங்கீரைப் பருவத்தில் தலைவர் தலையை நிமிர்த்தி ஆடுவார். ரயிலில் போக உகந்த காலம். ஒன்பதாம் மாதத்துச் சப்பாணிப் பருவத்தில் கைகொட்டுவார். கொட்டும் கைக்கு எட்டும் தூரத்தில் யாருடைய மூக்குக் கண்ணாடியும் இருக்கலாகாது. பதின்மூன்றாம் மாதம் வருகைப் பருவம். இலக்கியத்தில் தாய் "வா வா" என்று கெஞ்சுவாள், பிள்ளை தளர்நடையிட்டு வரும். நடைமேடையில் கெஞ்சுவது மட்டும் அப்படியே இருக்கிறது, பிள்ளை எதிர்த்திசையில் போகிறது. அம்புலிப் பருவத்தில் நிலவை விளையாட அழைக்கச் சாம, பேத, தான, தண்டம் என்ற நால்வகை உபாயங்களைப் புலவர்கள் கையாண்டார்கள். இதே நான்கையும் இதே வரிசையில் பெற்றோர் கையாள்வதை இறங்க மறுக்கும் குழந்தையிடம் காணலாம். மூன்றாவதான தானம் பெரும்பாலும் பிஸ்கட். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவமாகிய சிறுதேர் பற்றி ஒரு குறிப்பு. இலக்கணப்படி அதை உருட்டுபவர் தலைவர். பறக்கும் ரயில் நிலையங்களின் நெடும்படிகளிலோ தள்ளுவண்டி என்னும் தேரைத் தகப்பனார் தலைமேல் தூக்கிக்கொண்டு ஏறுகிறார். தலைவர் தாயின் இடுப்பிலிருந்து மேற்பார்வையிடுகிறார்.

அற்றேல், குழந்தைக்கு இதெல்லாம் நினைவிருக்குமா, நினைவில்லாதவர் எப்படித் தலைவராவார் என்று கேட்கலாம். பெரியவர்களுக்கு நினைவிருப்பது எது என்று முதலில் சோதிக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகம், மெரினா, மயிலாப்பூர், வண்டலூர் என்று தாளில் எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள். சில ஆண்டு கழித்து விசாரித்தால் வண்டலூரில் புலி பார்த்ததை யாரும் சொல்வதில்லை. அங்கே வைத்துத்தான் முதல் பல் தெரிந்தது என்கிறார்கள். எழும்பூரில் ஐம்பொன் நடராசர் இருந்தாரா என்பது ஐயம். பாலுக்கு வெந்நீர் தந்த டீக்கடை மாஸ்டர் துல்லியமாக நினைவிருக்கிறார். ஒரு குடும்பத்தின் வரலாறே ஒருவரைச் சுற்றி எழுதப்படுகிறது என்றால், அவர் தமக்கெனத் தனியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய தேவை என்ன? அரசர்கள் மெய்க்கீர்த்தியைத் தாமே எழுதியதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, டாக்ஸியில் போனால் என்ன என்பது கடைசித் தடை. டாக்ஸியில் ஆளுக்கொரு கட்டணம் இல்லை, வண்டிக்கே கட்டணம். அதனால் யார் தலைவர் என்பது தெளிவாகாமல் ஓட்டுநரே தலைவராகிவிடுகிறார். முன்பின் தெரியாத மடிகளும் அங்கே இல்லை.

இந்தத் தலைமைக்கு முடிவுண்டா என்றால், உண்டு. அது இரண்டு தவணையில் வருகிறது. மூன்று வயதை ஒட்டி உயரம் 90 செ.மீ.யைத் தாண்டும்போது மெட்ரோ சீட்டு கேட்கத் தொடங்குகிறது, ரயில்வே கேட்பதில்லை. அந்த இடைக்காலத்தில் கிண்டியில் மின்ரயிலை விட்டிறங்கி மெட்ரோ நிலையத்துக்குள் நுழையும் தூரத்துக்குள்ளேயே ஒரு தலைவர் சாதாரணக் குடிமகனாகிவிடுகிறார். திரும்பி வரும்போது பட்டம் மீண்டும் கிடைக்கிறது. ஐந்து வயதில் பேருந்திலும் அரை டிக்கெட் வந்துவிடும். விதிப்படி அதிகாரமும் பாதியாகிறது: தகப்பனாருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, தண்ணீர் பாட்டிலை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இடப்பக்கத்து ஜன்னலோர மடியில் அதற்குள் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும்.