நானும் ஒரு முதலாளி

மகன் நியூயார்க்கில் வீடு வாங்கிவிட்டான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். சட்டப்படி அது பொய். மன்ஹாட்டனில் கோ-ஆப் கட்டிடத்தில் யாராலும் வீடு வாங்க முடியாது. கட்டிடம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நாம் வாங்குவது அந்தக் கம்பெனியின் பங்குகளை. அந்தப் பங்குகளுக்காக ஒரு ஃப்ளாட்டில் குத்தகைக்கு இருக்க விடுவார்கள். சேமிப்பையெல்லாம் வழித்துக் கொடுத்துவிட்டு நான் ஒரே சமயத்தில் முதலாளியாகவும் குடித்தனக்காரனாகவும் இருக்கிறேன். குழாய் ஒழுகினால் வீட்டுக்காரரை வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. அந்த வசவில் எனக்கும் பங்கு உண்டு.

பணம் இருந்தால் மட்டும் பங்கு கிடைத்துவிடாது. போர்டு சம்மதிக்க வேண்டும். போர்டு என்றால் அதே கட்டிடத்தில் குடியிருக்கும் நாலைந்து பேர். வருமான வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட், நண்பர்களின் நற்சான்றுக் கடிதங்கள் என்று ஒரு கட்டுக் காகிதம் கேட்டார்கள். நான் பொறுமைசாலி, சத்தம் போட்டுப் பேசாதவன் என்று நண்பர்கள் எழுதிக் கொடுத்தார்கள். படித்துப் பார்த்த மனைவி, “இது யாரைப் பற்றி?” என்றாள்.

பிறகு நேர்காணல். வேண்டாம் என்று முடிவெடுத்தால் காரணம் சொல்லும் வழக்கம் கிடையாது. 1979-இல் முன்னாள் அதிபர் நிக்சனுக்கே ஒரு கோ-ஆப்பில் எதிர்ப்புக் கிளம்பி, இடம் கிடைக்காமல் போனது. 1985-இல் சான் ரெமோ கட்டிடம் பாடகி மடோனாவை வேண்டாம் என்றது. கூட்டம் கூடும், போட்டோக்காரர்கள் வாசலில் நிற்பார்கள் என்ற பயம். எனக்கு அந்தத் தகுதிக்குறைவு இல்லை. என்னைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்பது போர்டுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

உள்ளே வந்தபின் சட்டதிட்டங்கள். தரையில் 80 சதவீதம் கம்பளம் விரித்தாக வேண்டும். கீழ்வீட்டுக்காரருக்குக் காலடிச் சத்தம் கேட்கக் கூடாது. பளபளக்கும் ஓக் மரத்தரையில் மயங்கித்தான் இந்த ஃப்ளாட்டை எடுத்தோம். இப்போது அதில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் எங்களுக்குத் தரிசனம்.

மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறோம். சொத்துவரி, கட்டிடத்தின் பேரில் உள்ள கடன், சிப்பந்திகள் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். போர்ட்டர் உண்டு, ஹேண்டிமேன் உண்டு, ‘சூப்பர்’ என்று கட்டிடத்திலேயே குடியிருக்கும் மேற்பார்வையாளர் உண்டு. வாசலில் ராப்பகலாக டோர்மேன்.

அம்மா வந்திருந்தபோது இந்த டோர்மேன் விஷயம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. கை கால் நன்றாக இருக்கும்போது இன்னொருவர் கதவைத் திறந்துவிடுவதா? தொப்பியும் பித்தளைப் பொத்தானுமாக அவர் மேஜையைச் சுற்றி வருவதற்குள் இவள் ஓடிப்போய்க் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “நீ போப்பா” என்பாள். அவரும் வேறு வழி தெரியாமல் ஒருமுறை தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். அவர் அல்பேனியாக்காரர். இவளுக்குத் தமிழ் மட்டும்தான். ஆனாலும் ஒரு டப்பா முறுக்கு கைமாறிய வாரத்திலேயே அம்மாவின் சர்க்கரை அளவு அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

1991-இல் டோர்மேன்கள் பன்னிரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்ததைப் பழைய பங்குதாரர்கள் இன்றைக்கும் பஞ்சக் கதைபோலச் சொல்கிறார்கள். முறைபோட்டு வாசலில் உட்கார்ந்தார்களாம். ஒரு டாக்டர் வருவோர் போவோரை விசாரித்தாராம். ஒரு வக்கீல் குப்பை மூட்டை கட்டினாராம்.

போன ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு புது முதலாளி எழுந்தார். ராத்திரி டோர்மேனை நிறுத்திவிட்டு கேமரா வைத்தால் மெயின்டனன்ஸ் குறையும் என்று கணக்குக் காட்டினார். கணக்கு சரிதான். லாபி சோபாவின் நிறத்துக்காக ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்ட சபை அது. அன்று ஒரு கைகூட உயரவில்லை.

போர்டு பார்த்தது எங்கள் வரிக் கணக்கை மட்டும்தான். மனைவி ஊருக்குப் போன வாரத்தில் யார் யார் எத்தனை மணிக்குத் திரும்பினார்கள், டயட்டில் இருக்கும் போர்டுத் தலைவருக்கு நள்ளிரவில் யார் பீட்சா கொண்டுவருகிறார்கள் என்பதெல்லாம் ராத்திரி டோர்மேனுக்குத்தான் தெரியும். அவரை மனவருத்தத்தோடு வெளியே அனுப்ப எந்த முதலாளிக்குத் துணிச்சல் வரும்?

அடுத்த மாதம் மெயின்டனன்ஸ் ஏறியது. யாரும் முணுமுணுக்கவில்லை.