டிசியில் பிறந்த தேதி பார்க்காத காலேஜ்

நீ ஆடுற ஆட்டத்துல வர்ற அந்த ரத்தக்காட்டேரிப் பொண்ணுக்கு முந்நூறு வயசாம். இன்னும் முதல் வருசம் படிக்கிறாளாம். ஏன் தம்பி, இத்தனை காலத்துல ஒரு டிகிரிகூடவா வாங்க முடியல? அரியர் அம்புட்டு கெடக்கா? நம்ம ஊர்ல ஒரு பய மூணு வருசப் படிப்ப அஞ்சு வருசம் படிச்சா, அப்பங்காரன் மம்பட்டியக் கையில குடுத்து வாய்க்கா வெட்ட அனுப்பிருவான். இவளுக்கு மட்டும் தலைமுறை தலைமுறையா அட்மிசன் போட்டுக்கிட்டே இருக்கானே, அந்த பிரின்சிபால் யாரு? டிசியில பொறந்த தேதிய எவனுமே பார்க்கலையா?

கோவிச்சுக்காத. நீ அந்த ஆட்டத்த எப்படி ஆடுறேன்னு திண்ணையில இருந்து பார்த்தவன்தான் கேக்குறேன். விஷுவல் நாவல்னு பேரு. படம் அப்படியே நிக்கிது. கீழ எழுத்து ஓடுது. நீ ஒரு தட்டு தட்டுற, அடுத்த வரி வருது. இன்னொரு தட்டு, இன்னொரு வரி. இதுக்குப் பேரு ஆட்டமா? ஆரம்பிக்கறப்ப வயசு பதினெட்டு ஆச்சான்னு கேட்டுச்சு. ஆச்சுன்னு ஒரு தட்டு. முடிஞ்சு போச்சு சோதனை. ரேஷன் கடையில ரெண்டு கிலோ சர்க்கரை வாங்க என் ரேகை தேய்ஞ்ச விரல நாலு தடவை அமுக்கச் சொல்றான் தம்பி.

ஜப்பான்காரன்தான் இந்த வித்தைக்கு மூத்தவன். டைப்-மூன்னு ஒரு சின்னக் கூட்டம், 2000 டிசம்பர்ல ட்சுகிஹிமேன்னு ஒண்ணு பண்ணி, சந்தையில கடை போட்டு வித்தான். அதுலயும் ரத்தக்காட்டேரிதான். பெரியவங்களுக்கு மட்டும்னு சீட்டு ஒட்டுன சமாச்சாரமும் உள்ள இருந்துச்சு. 2021ல அதையே புதுசா படம் வரைஞ்சு திரும்பக் கொண்டாந்தான். இந்தத் தடவை அந்தச் சமாச்சாரத்த மொத்தமா எடுத்துட்டான். வாங்குறவன் வாங்காமப் போனானா? அள்ளிக்கிட்டுப் போனான். அப்ப அவன் காசு குடுத்தது எதுக்கு? கதைக்கா, சீட்டுக்கா? நீ யோசி.

அது இருக்கட்டும். இந்தக் காட்டேரி நம்ம பக்கம் வந்தா பொழைக்குமா? அதச் சொல்லு மொதல்ல.

1897ல பிராம் ஸ்டோக்கர்ங்கிறவரு டிராகுலா எழுதினாரு. அதுல ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்காரங்க வான்னு கூப்புடாம அது வாசப்படி தாண்டாது. இங்க பழைய தஞ்சாவூர் ஜில்லாவுல எவன் வீட்டுல தம்பி கூப்புட மாட்டான்? கரண்டு பில்லு எழுத வர்றவனையே "உள்ள வாங்க, காபி சாப்புட்டுப் போங்க"ன்னு இழுத்து உக்கார வெக்கிற ஊரு இது. ஒரே ராத்திரியில திருவையாத்துல ஆரம்பிச்சு பூம்புகார் வரைக்கும் பாக்கியில்லாம முடிச்சிரும். ஆனா கும்பகோணத்துல டிகிரி காபி குடிச்சுப் பழகிட்டா ரத்தத்தத் தொடுமாங்கிறது வேற விசயம்.

வெயில் பட்டா எரிஞ்சு சாம்பலாயிடுமாமே? அது ஸ்டோக்கர் சொன்னதில்ல. அவரு டிராகுலா பட்டப்பகல்ல லண்டன் தெருவுல நடந்தவன். பெலம் கொறையும், அவ்வளவுதான். 1922ல நொஸ்ஃபெராட்டுன்னு ஒரு ஜெர்மன் ஊமைப்படம் வந்துச்சு. எரிச்சுக் கொன்ன பெருமை அந்தப் படத்துக்குத்தான். அதுக்கப்புறம் வந்தவனெல்லாம் அதையே புடிச்சுக்கிட்டான்.

வவ்வாலா மாறுமாம். ரத்தம் குடிக்கிற வவ்வா உலகத்துல மூணே வகை. மூணும் மெக்சிகோ, பிரேசில் அந்தப் பக்கம். நம்ம ஊரு இலுப்ப மரத்து வவ்வா பழந்தின்னி. ரத்தம் உறிஞ்சுறது நமக்கென்ன புதுசா? நடவு வயல்ல எறங்குன பொம்பளைங்களக் கேளு, அட்டைய எப்படிப் பிச்சு எறியிறதுன்னு சொல்லுவாங்க. கும்பகோணத்துக் கொசு யானைக்கால் குடுத்தே பேரு வாங்குனது. அது எந்தக் காலத்துலயாவது "உன்னைத்தான் நெனச்சேன்"னு பசப்புச்சா? உன் ஆளு கழுத்துல ரெண்டு ஓட்டை போட்டுட்டு அதுக்குக் காதல்னு பேரு வெக்கிறா. பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்னு அப்பாயி சொல்லும். நீ ஆஸ்டல் மாடி ஏறிக்கிட்டு இருக்க.

காலேஜுன்னா நம்ம ஊரு காலேஜப் பாரு. கும்பகோணம் அரசு கல்லூரி, காவேரிக் கரையில 1854லேர்ந்து நிக்கிது. 1904ல ராமானுஜன் அங்க சேர்ந்தாரு. கணக்குல புலி. இங்கிலீஷ்ல கோட்டை விட்டாரு, உபகாரச் சம்பளம் போச்சு. அந்தக் காலேஜ்ல ரத்தம் குடிச்சது இங்கிலீஷ் பேப்பர். பல்லும் இல்ல, கருப்பு அங்கியும் இல்ல.

உன் காட்டேரிக்கு வயசே ஏறாது, தோலே சுருங்காது, அதுதான் உனக்கு மயக்கம். காரைக்கால்ல புனிதவதின்னு ஒரு செட்டியார் வீட்டுப் பொண்ணு இருந்துச்சு. மாம்பழம் வரவழைச்சதப் பார்த்துட்டு புருசன் மெரண்டு ஓடிட்டான். அவனுக்காகச் சொமந்த அழகு இனி எதுக்குன்னு, சதையெல்லாம் உதுத்துட்டு பேய் உருவத்தச் சிவன்கிட்ட கேட்டு வாங்குனா. தன்னையே காரைக்கால் பேய்னு பாட்டுல சொல்லிக்கிட்டா. இன்னிக்கும் ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவுல மாம்பழத்த வீசி எறியிறாங்க, சனம் அடிச்சுப் புடிச்சுப் பொறுக்குது. அழக வேண்டாம்னு சொன்ன பேய் ஒண்ணு உன் ஆட்டத்துல உண்டா? அந்தப் பொத்தானே இருக்காதே.

பொத்தான்னதும் ஞாபகம் வருது. மூணு வழி காட்டி ஒண்ணப் புடிங்குது, நீயும் நகத்தக் கடிச்சுக்கிட்டு யோசிக்கிற. தப்பாப் போனா பழைய எடத்துலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கிற. இதென்னடா புதுசு? வேதாளம் விக்கிரமாதித்தன ஆட வெச்ச ஆட்டம் இதுதானே! கதை சொல்லும், கடைசியில கேள்வி கேக்கும். பதில் தெரிஞ்சும் வாய மூடியிருந்தா தலை வெடிக்கும். வாயத் தொறந்தா வேதாளம் பழையபடி மரம் ஏறும். எந்தப் பக்கம் தட்டினாலும் நட்டம். நம்ம பெரிய கோயில் கட்டின அதே நூற்றாண்டுல, காசுமீரத்துல சோமதேவர் தன்னோட பெரிய கதைப் புத்தகத்துல இதையும் சேர்த்து எழுதி வெச்சாரு.

அதுல ஒரு கேள்வி. அம்மன் கோயில்ல ஒரு பொண்ணோட புருசனும் அவ கூடப்பொறந்தவனும் தலைய அறுத்துக்கிட்டாங்க. அம்மன் எரக்கப்பட்டு ஒட்டவைக்கச் சொல்லுச்சு. பதட்டத்துல அந்தப் பொண்ணு தலைய மாத்தி வெச்சுட்டா. ரெண்டு பேரும் எழுந்து நிக்கிறாங்க. இப்ப எவன் புருசன்? தலையா, ஒடம்பா? பதினெட்டு வயசு ஆச்சான்னு கேட்டுட்டு இந்த மாதிரி ஒரு கேள்வி கேட்டானா உன் ஆட்டக்காரன்? ஜெர்மன்காரரு தாமஸ் மன் 1940ல இதே முடிச்ச எடுத்து ஒரு குறுநாவலே எழுதினாரு. உன் ஆட்டத்துல கேக்குறதெல்லாம் "லைப்ரரிக்கு வர்றியா, கேன்டீனுக்கு வர்றியா."

இன்னொரு வேடிக்கை. வெள்ளைக்காரன் ரிச்சர்டு பர்ட்டன் 1870ல வேதாளக் கதைய இங்கிலீஷ்ல போட்டாரு, விக்ரமும் வேம்பயரும்னு தலைப்பு. அந்த பர்ட்டனோட ஸ்டோக்கர் ஒக்காந்து சாப்புட்டுப் பேசியிருக்காரு. மேலுதடு தூக்கறப்ப பர்ட்டனோட கோரைப்பல்லு மின்னினத மறக்காம எழுதியும் வெச்சாரு. டிராகுலாவுக்குப் பல்லு எங்கேர்ந்து மொளச்சுதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சும்மா சொல்றேன்.

உனக்கு இதுலதான் ஆசைன்னா நீயே ஒண்ணு பண்ணேன். ரென்பைன்னு ஒரு கருவி 2004லேர்ந்து சும்மாவே கெடைக்குதாமே. கதைக்களமா திருவிடைமருதூர வையி. வரகுண பாண்டியன் குதிரையில வந்தப்ப ஒரு பிராமணன் குதிரைக் கால்ல மிதிபட்டுச் செத்தான். அந்தப் பாவம் பிரம்மகத்தியா வந்து ராசாவ விடாமத் தொரத்துச்சு. அவரு மகாலிங்கசாமி கோயிலுக்குள்ள கிழக்கு வாசல்ல நொழைஞ்சாரு, அது வெளியவே நின்னுக்கிச்சு. இன்னிக்கும் அந்த வாசல்ல போறவங்க அந்த வாசல்ல திரும்பறதில்ல. பொத்தான் ரெண்டு போதும்: வந்த வழி, மேல வாசல். எதைத் தட்டணும்னு எங்க ஊரு ஆறு வயசுப் பயலுக்கே தெரியும்.

காலேஜும் வேணுமா? கும்பகோணம் பக்கத்துலதான். உன் காட்டேரிய டவுன் பஸ்ல ஏத்தி விடு. பொம்பளைங்களுக்கு 2021லேர்ந்து டிக்கெட்டுக்குக் காசு கெடையாது. பல்ல மட்டும் மூடிக்கச் சொல்லு, கண்டக்டர் ஏற்கெனவே நொந்து போயி கெடக்காரு.