லோடு பார்ப்பவர்

லோடு பார்ப்பவர் தாம் பராமரிக்கும் சர்வரை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸில், ஜன்னல் இல்லாத ஒரு குளிர்ந்த கட்டடத்தில் இருக்கிறது. இவர் கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு மூன்றாம் மாடியில் இருக்கிறார். நாமக்கல்லில் லோடு என்றால் நாலு பேர் சேர்ந்து லாரியில் ஏற்றுவது. இவருடைய அலுவலகத்தில் லோடு என்றால் யாரும் ஏற்றாமல் தானாக ஏறுவது. நியமன ஆணையில் இவருக்கு சிஸ்டம் அட்மின் என்று பெயர். புதிதாகச் சேர்ந்த பையன்கள் அழைப்பது ‘லோடு பாக்குற அண்ணா’ என்று.

இவருடைய உலகம் மூன்று எண்களால் ஆனது. கறுப்புத் திரையில் டாப் என்று அடித்தால் மேல் வரியில் அவை வந்து நிற்கும்: கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் ஆகியவற்றின் சராசரி லோடு. முதல் எண் பெரிதாக இருந்தால் லோடு ஏறிக்கொண்டிருக்கிறது, மூன்றாவது பெரிதாக இருந்தால் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது இவருக்குத் தெரியும். ஆனாலும் முதல் எண்ணை மட்டுமே பார்ப்பார். ஐசியூ வாசலில் நிற்கும் உறவினர் மானிட்டரைப் பார்ப்பது போன்ற பார்வை அது.

இந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை ரேஷன் கடை வரிசையை வைத்து விளக்கலாம். சர்வரில் 8 கோர் இருந்தால் 8 எடைபோடும் இடங்கள் உள்ள கடை. லோடு 8 என்றால் எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறார், பின்னால் வரிசை இல்லை. 16 என்றால் எட்டுப் பேர் வாங்குகிறார்கள், எட்டுப் பேர் நிற்கிறார்கள். இதுவரை கணக்கு எளிது. ஆனால் லினக்ஸ் கடையில் 1993 முதல் இன்னொரு வழக்கம் உண்டு. வரிசையில் பையை வைத்துவிட்டுப் போனவர்களையும் ஆளாகவே எண்ணிவிடும். டிஸ்க்கிலிருந்து தகவல் வரட்டும் என்று அசையாமல் காத்திருக்கும் ப்ராசஸ்களே அந்தப் பைகள். ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் அவற்றுக்கு எதிரே டி என்ற எழுத்து இருக்கும். அதனால்தான் லோடு 60 என்று திரை அலறும்போதே, சிபியு முக்கால்வாசி சும்மா இருப்பதாக அதே திரை இரண்டு வரி கீழே சொல்லும். கடையில் எடைபோடுபவர் ஈ ஓட்டுகிறார், வாசலில் ஐம்பது பை. குறை கிடங்கில், அதாவது டிஸ்க்கில். டாப் திரையில் டபிள்யூஏ என்ற எண் இதைத்தான் சொல்கிறது. அந்த எண் வரை இவர் கண் இறங்கினால் பாதி நோய் பிடிபட்டுவிடும். பெரும்பாலும் இறங்காது.

லோடு ஏறியதும் இவர் சந்தேகப்படும் வரிசை மாறாதது. முதல் சந்தேகம் இந்தச் சர்வரில் வலைத்தளம் வைத்திருக்கும் வாடிக்கையாளர் மீது. ‘எவனோ வேர்ட்பிரஸ்ல கண்ட ப்ளகினையும் போட்டிருக்கான்’ என்பார். இது பல நாள் உண்மையாகவும் இருந்துவிடுவதால் இந்தப் பழக்கம் போவதில்லை. வேர்ட்பிரஸின் எக்ஸ்எம்எல்ஆர்பிசி கோப்பைத் தட்டிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் ஒரு நல்ல சர்வரைப் படுக்க வைத்துவிடும். இரண்டாவது சந்தேகம் மைசீக்வல் மீது. டாப் பட்டியலில் அது எப்போதும் மேலே இருக்கும். அதிகம் உழைப்பவன் மீதே புகார் எழுதும் மேலாளரின் நியாயம் இங்கேயும் செல்லும். மைசீக்வலை ரீஸ்டார்ட் செய்வார். அது நினைவகத்தில் சேர்த்து வைத்திருந்ததில் பெரும்பகுதி போய்விடும். எழுந்ததும் எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். ஏற்கெனவே டிஸ்க்கில்தான் நெரிசல். லோடு 60 என்பது 90 ஆகும்.

மூன்றாவது சந்தேகம் ஹேக்கர் மீது. இதற்கும் ஆதாரம் உண்டு. கெடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ என்று வாயில் நுழையாத பெயரில் ஒரு கிரிப்டோ திருட்டு நிரல் உலவுகிறது. கெர்னலுக்குச் சொந்தமான ஒரு ப்ராசஸின் பெயரோடு ஒரே ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டு திரிகிறது. உண்மையான கெர்னல் ப்ராசஸ் பிஎஸ் பட்டியலில் சதுர அடைப்புக்குள் நிற்கும், போலி வெளியே நிற்கும். லோடு பார்ப்பவர் அதைக் கொன்றுவிட்டு டீ குடிக்கப் போவார். அதைத் திரும்ப எழுப்பும் வரி, வேலைகளை நேரம் குறித்துத் தொடங்கும் கிரான் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும், ஆகவே அவர் திரும்புவதற்குள் அதுவும் திரும்பியிருக்கும்.

இவர் சந்தேகப்படாத ஆள் ஒருவர்தான். இவரே நிறுவி, இவரே பெட்டி பெட்டியாக டிக் அடித்து வைத்த கண்ட்ரோல் பேனல்.

பேனல் என்பது சர்வரின் கணக்குப்பிள்ளை. 1996இல் தோன்றிய சிபேனலும், அதைப் போன்ற பிளெஸ்க், டைரக்ட்அட்மின் ஆகியவையும் வெளியே அழகான பொத்தான்களைக் காட்டுகின்றன. உள்ளே ஒரு பெரிய வேலைக்காரக் கூட்டத்தை வைத்து நடத்துகின்றன. இந்தக் கூட்டத்துக்கு யூனிக்ஸ் வழக்கில் டீமன் என்று பெயர். 1960களில் எம்ஐடியின் ப்ராஜெக்ட் மேக் குழுவினர் இயற்பியலாளர் மாக்ஸ்வெல்லின் கற்பனைப் பூதத்தை நினைத்து வைத்த பெயர் இது. தமிழருக்கு மாக்ஸ்வெல் தேவையில்லை. வேலை கொடுத்துக்கொண்டே இருக்காவிட்டால் எஜமானனையே தின்றுவிடும் பூதமும், கடைசியில் நாய் வாலை நிமிர்த்தச் சொல்லித் தப்பித்த எஜமானனும் எல்லாப் பாட்டிகளிடமும் இருந்தார்கள். சிபேனலில் டெயில்வாட்ச்டி என்றே ஒரு பூதம் உண்டு. லாக் கோப்புகளின் வாலைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. பெயர் வைத்தவருக்கு அந்தப் பாட்டிகளில் எவரையும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தப் பூதங்களில் லோடுக்கு முதற்காரணம் பேக்கப். ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணக்கையும் எடுத்து, கோப்புகள், மின்னஞ்சல்கள், தரவுத்தளம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அழுத்திச் சுருக்கி, வேறிடத்துக்கு அனுப்புகிறது. படிப்பதற்கு டிஸ்க் வேண்டும், சுருக்குவதற்கு சிபியு வேண்டும், இரண்டையும் சேர்த்தே கேட்கும். கணக்கின் அளவு இங்கே அதிகம் ஏமாற்றும். 20 ஜிபி எடையுள்ள ஒரே வீடியோவை மூட்டை கட்டுவது எளிது. 2 ஜிபி அளவுக்குப் பத்து வருட மின்னஞ்சலை யாரோ அழிக்காமல் வைத்திருந்தால் அதுதான் வேதனை. மெயில்டர் முறையில் ஒவ்வொரு மடலும் தனிக் கோப்பு, எனவே சில லட்சம் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டும். நெல் மூட்டையைத் தூக்குவதற்கும் சிந்திய நெல்லைப் பொறுக்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது. மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் முறை பேனலிலேயே இருக்கிறது. முதல் நாள் கனக்கும், பிறகு லேசாகிவிடும். லோடு பார்ப்பவர் அதை அடுத்த மாதம் மாற்றுவதாக மூன்று வருடமாகச் சொல்லி வருகிறார்.

அடுத்தது சிபேனல்லாக்டி. பார்வையாளர் பதிவுகளைப் படித்து வண்ண வண்ண வரைபடம் போட்டுக் கொடுக்கும் பூதம். அனலாக், வெபலைசர், ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்று மூன்று நிரல்கள் அதனிடம் இருக்கின்றன. மூன்றையும் அனுமதித்து வைத்தால் ஒரே லாக்கை மூன்று தடவை படித்து மூன்று விதப் படம் வரையும். கூகுள் அனலிடிக்ஸ் வந்த பிறகு இந்தப் படங்களைத் திறந்து பார்ப்போர் அரிது. கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பின்னும் கோயிலில் தரகர் ஜாதகம் காட்டிக்கொண்டிருப்பது போல, மூடிப்போன பேக்கரியின் வலைத்தளத்துக்கு நேற்று எத்தனை பேர் வந்தார்கள் என்று அது இன்னும் வரைந்து வருகிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் தேடுபொறிகளின் நிரல்கள்.

நகைச்சுவையில் முதலிடம் செக்சர்வ்டி என்ற காவலாளிக்கு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு சேவையின் கதவையும் தட்டி, ‘உயிரோட இருக்கியா?’ என்று கேட்கும். பதில் வராவிட்டால் செத்துவிட்டதாக முடிவுகட்டி ரீஸ்டார்ட் செய்யும். லோடு ஏறிய நேரத்தில் சேவை உயிரோடுதான் இருக்கும், பதில் சொல்லத்தான் தாமதமாகும். தாமதித்தவனைக் கொன்று எழுப்பினால் லோடு இன்னும் ஏறும், அடுத்தவன் தாமதிப்பான், அவனும் கொல்லப்படுவான். ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு மின்னஞ்சல் லோடு பார்ப்பவருக்கு வரும். அந்த மின்னஞ்சலை ஸ்பேமா என்று சோதிப்பதும் சில அமைப்புகளில் இதே சர்வர்தான்.

ஸ்பேம்அசாசின், வைரஸ் தேடும் கிளாம்ஏவி, இரவு நேரத்தில் பேனலையே புதுப்பிக்கும் யூபிசிபி முதலியவை தனித்தனியே சாதுக்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதுதான் சிக்கல். சிபேனல் பேக்கப்புக்கு வழக்கமாகக் குறிக்கப்பட்டிருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. நிறுவியவர்கள் மாற்றாமல் விட்டதால் பக்கத்து சர்வருக்கும் அதே 2 மணி, அதற்கடுத்ததற்கும் 2 மணி. முகூர்த்த நாளில் ஊர் மண்டபங்கள் எல்லாம் நிரம்புவது போல, அந்த ஒரு மணி நேரத்தில் டேட்டா சென்டரின் டிஸ்க்குகள் நிரம்பி வழிகின்றன. ஒரே இயந்திரத்தைப் பங்கிட்டுக்கொண்ட விபிஎஸ்களில் சொந்த சர்வர் சும்மா இருந்தாலும் அடுத்த வீட்டு முகூர்த்தம் நம்மை உலுக்கும். நமக்கு வர வேண்டிய சிபியு நேரத்தை அடுத்த வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டால், டாப் திரையில் எஸ்டி என்ற எண் அதைக் காட்டிக்கொடுக்கும்.

டல்லாஸில் அதிகாலை 2 மணி என்பது கோயம்புத்தூரில் கோடைகாலத்தில் பகல் 12.30, அமெரிக்கர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் குளிர்காலத்தில் 1.30. இந்த ஒரு கணக்கில் லோடு பார்ப்பவரின் சரித்திரமே அடங்கியிருக்கிறது. இவர் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரமும் சர்வர் மூட்டை கட்டத் தொடங்கும் நேரமும் ஒன்று. ‘அண்ணா, லோடு 64ங்ணா’ என்று பையன் வந்து நிற்பான். சாப்பாட்டு வேளை பார்த்து எவனோ தாக்குகிறான் என்பது இவருடைய நெடுநாள் கோட்பாடு. நவம்பரில் லோடு ஒரு மணி நேரம் தள்ளி ஏறத் தொடங்கியபோது எதிரி உஷாராகிவிட்டான் என்று விளக்கம் சொன்னார்.

எதிரியைக் கொல்ல இவரிடம் உள்ள ஆயுதம் கில் மைனஸ் நைன். சாதாரண கில் கட்டளை 15ஆம் எண் சமிக்ஞை, ‘கிளம்பப்பா’ என்று சொல்வது. 9ஆம் எண் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது. ஆனால் டி நிலையில் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ப்ராசஸை 9ஆம் எண்ணும் அப்போதைக்கு அசைக்காது. வரிசையில் இருப்பது பை, அதற்குக் காது இல்லை. பத்துத் தடவை அடித்துப் பார்த்துவிட்டு இவர் சர்வரையே ரீபூட் செய்வார். லோடு உடனே 0.4. புகார் டிக்கெட்டில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி மூடுவார். பேக்கப் பாதியில் நின்றுவிட்டதையும், அந்த நாளின் மூட்டை அரைகுறையாகக் கிடப்பதையும் வாடிக்கையாளர் பேக்கப் கேட்கும் வரை ஒருவரும் அறியார்.

இந்த ரீபூட்டுகளை மேலாளர் கண்டித்த பிறகு இவர் ஒரு நுட்பமான வழியைக் கண்டுபிடித்தார். பேனலின் அமைப்புகளில், லோடைக் கணக்கிடும்போது இல்லாத சில கோர்களை இருப்பதாகக் கருதிக்கொள்ளச் சொல்லும் ஒரு கட்டம் உண்டு. அதில் 20 என்று போட்டார். சிவப்பு விளக்கு பச்சையானது. லோடு எல்லை மீறினால் லாக் வேலையைத் தானே நிறுத்திவைப்பது பேனலின் நல்ல குணங்களில் ஒன்று. எல்லையை உயர்த்தியதும், அதுவரை ஓரமாக ஒதுங்கி நின்ற சிபேனல்லாக்டியும் பேக்கப்போடு சேர்ந்து உள்ளே வந்தது.

முறையாகப் பார்ப்பவர் கடிகாரத்திலிருந்து தொடங்குவார். சார் என்ற கருவி வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லோடைக் குறித்து வைக்கிறது. ஒரு வாரக் குறிப்பைப் புரட்டினால் ஏற்றம் தினமும் ஒரே நேரத்தில் வருகிறதா என்பது தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் வந்தால் அது தாக்குதலாக இருக்க வாய்ப்பு குறைவு, கிரான் அட்டவணையைத் திறக்க வேண்டும். பிறகு பிஎஸ் பட்டியலைக் கிளை விரித்துப் பார்த்து, மேலே நிற்கும் ப்ராசஸின் தாய் யார் என்று கேட்க வேண்டும். ஜிஜிப் ஒன்று சிபியுவைத் தின்றால், அதற்கு மேலே பேக்கப் உட்கார்ந்திருக்கும். ஐஓடாப் எந்த ப்ராசஸ் டிஸ்க்கைப் பிடித்திருக்கிறது என்று காட்டும். தீர்வும் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பேக்கப் நேரத்தை மாற்றுவது, மூன்று படங்களில் இரண்டை நிறுத்துவது, இன்கிரிமென்டலுக்குப் போவது, நைஸ், ஐஓநைஸ் மூலம் பூதங்களை வரிசையின் கடைசிக்கு அனுப்புவது. டிஸ்க்கின் ஷெட்யூலர் முன்னுரிமை பார்க்காத வகையாக இருந்தால் ஐஓநைஸ் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை, பல என்விஎம்இ டிஸ்க்குகளில் நிலைமை அதுதான்.

ஒரு நாள் லோடு பார்ப்பவரும் இதைச் செய்தார். கிரான் அட்டவணையில் 2 என்ற எண்ணைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். டிபன் பாக்ஸைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் நேரத்தை மாற்றிவிட்டு, டிக்கெட்டில் ‘சந்தேகத்துக்குரிய பின்னணிச் செயல்பாடு கட்டுப்படுத்தப்பட்டது’ என்று எழுதினார். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

தளம் மெதுவாக இருக்கிறது என்று இவருக்கு எழுதுபவர்கள் தயவுசெய்து எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மற்றதை அவர் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கண்டுபிடித்துக்கொள்வார்.