ஸ்கூட்டரும் லாரியும்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளை விட்டுவிட்டு, மீன் பெட்டி கட்டிய என் ஸ்கூட்டரை மட்டும் போலீஸார் நிறுத்துவானேன்?
*— வாசகர், காசிமேடு*

துறைமுக வாயில் திறக்கும் வரையில் தாமாகவே மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளை நிறுத்துவதற்குப் போலீஸார் வேறு வேண்டுமா? ஓடுகிற வஸ்து உம்முடைய ஸ்கூட்டர் ஒன்றுதானே!

ஆயினும், 2018 மார்ச்சில் திருச்சி திருவெறும்பூர் அருகே, ஹெல்மெட் அணியாத தம்பதியரைத் துரத்திச் சென்று வண்டியை உதைத்தார் என்று ஓர் இன்ஸ்பெக்டர் கைதானதையும், பின்னால் அமர்ந்திருந்த பெண் மாண்டதையும் நினைக்கும்போது, நம்பரைப் படம் பிடித்து அபராதச் சீட்டை வீட்டுக்கே அனுப்பும் காமிரா வந்த பிறகும் அற்பக் குற்றத்துக்காக நடுச்சாலையில் பாய்வது என்ன நியாயமோ!

ஆர்.சி.யை வீட்டில் மறந்துவிட்டால்?

டிஜிலாக்கரில் சரிபார்க்க முடிந்தால் காகிதத்தைக் கேட்கலாகாது என்பது 2020 அக்டோபர் முதல் மத்திய விதி. கைப்பேசியை மறக்கிறவர் நம்மூரில் உண்டா?