கேள்வி-பதில்: அழுக்கு மூட்டையில் ஐயாயிரம் வருடம்

கே: உடையின் வரலாற்றுக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறதாமே! படித்துவிட்டு என்ன செய்வார்கள், ஜவுளிக்கடை வைப்பார்களா?
— ஈரோடு வாசகர்

ப: ஈரோட்டிலிருந்து வேறு எந்தக் கேள்வி வரும்! லண்டன் கோர்ட்டோல்ட் கலை நிறுவனத்தில் 1965-இல் இந்தப் படிப்பைத் தொடங்கிவைத்தவர் ஸ்டெல்லா மேரி நியூட்டன். அதற்குமுன் நாடக உடைகள் வடிவமைத்தவர், டி.எஸ். எலியட்டின் நாடகத்துக்கும் செய்திருக்கிறார். பிறகு லண்டன் நேஷனல் கேலரிக்கு, ஓவியங்களில் வரும் உடைகளைப் பற்றி ஆலோசனை சொன்னார். ஓவியர் தேதி போடாமல் விட்டிருந்தாலும் கையின் வெட்டும் கழுத்துப்பட்டியின் அகலமும் எந்தப் பத்தாண்டு என்று காட்டிக்கொடுத்துவிடும். பழசு என்று சொல்லிப் போலி ஓவியம் விற்பவர்களுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது.

கே: உலகத்திலேயே பழைய சட்டை எது?
— தேனி வாசகி

ப: நெய்த துணியில் தைத்ததென்றால், லண்டன் பெட்ரி அருங்காட்சியகத்தில் உள்ள தர்கான் சட்டை. எகிப்தின் தர்கான் இடுகாட்டில் 1913-இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டியெடுத்த துணிகளோடு வந்தது. அறுபது வருடத்துக்கு மேல் அழுக்கு மூட்டையாகவே கிடந்தது. 1977-இல் சுத்தம் செய்வதற்காக விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பிரித்தபோதுதான் உள்ளே ஒரு லினன் சட்டை இருப்பது தெரிந்தது. கார்பன் சோதனை சொன்ன வயது, கி.மு. 3482-க்கும் 3102-க்கும் இடையில்.

முழங்கையிலும் அக்குளிலும் கசங்கல் அப்படியே இருக்கிறது. ஆகவே சவத்துக்கென்று தைத்ததல்ல, யாரோ போட்டு நடமாடிய சட்டை. அதுவும் உள்பக்கம் வெளியே தெரிய, தலைவழியாக உருவிப் போட்ட கோலத்தில் கிடைத்தது. 'கழற்றினால் திருப்பிப் போடு' என்று அந்த வீட்டிலும் யாராவது கத்தியிருப்பார்கள்.

கே: 16 அங்குல இடுப்புக்காக விக்டோரியா காலத்துப் பெண்கள் விலா எலும்பையே எடுத்துவிட்டார்களாமே?
— மதுரை வாசகி

ப: மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் தத்தித் தத்தி வந்த காலத்தில், அழகுக்காக விலா எலும்பா? ஆதாரம் இல்லை. இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடையான கார்செட்டைப் பற்றி 2001-இல் தனி நூலே எழுதிய வேலரி ஸ்டீல், எஞ்சியிருக்கும் கார்செட்டுகளின் அளவைத்தான் முதலில் கேட்டார். லெஸ்டரில் உள்ள சிமிங்டன் சேகரிப்பில் பெரும்பாலானவை 20 முதல் 26 அங்குலம். அதுவும் முழுக்க இறுக்கி மூடினால் உள்ள அளவு. கட்டும்போது முதுகில் இடைவெளி விடுவது வழக்கம் என்பதால், உள்ளே இருந்த இடுப்பு இன்னும் பெரியது. 16 அங்குலம் பெரும்பாலும் வாய்ப்பேச்சில் இருந்தது. இடுப்பளவைக் குறைத்துச் சொல்வது அந்தக் காலத்திலும் உண்டு.

கே: வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் உள்ள பழைய உடைகள் எல்லாம் சின்னதாகவே இருக்கின்றனவே. முன்னோர்கள் அத்தனை ஒல்லியா?
— சிவகாசி வாசகர்

ப: பெரிய அளவு உடையில் துணி அதிகம். அதை வெட்டித் தங்கைக்கோ மகளுக்கோ தைத்துவிடலாம். சின்ன அளவை யாருக்கும் மாற்ற முடியாது. அது பெட்டியிலேயே தங்கி, கொள்ளுப்பேத்தி காலத்தில் அருங்காட்சியகத்துக்குப் போகும். கல்யாண கவுன்களும் அப்படித்தான் தப்பித்தன. கூலிக்காரர் சட்டையோ கிழியும்வரை உழைத்து, கந்தலாகிக் காகித ஆலைக்குப் போனது. 19-ஆம் நூற்றாண்டு பாதிவரை ஐரோப்பாவில் காகிதமே கந்தல் துணியில்தான் செய்தார்கள். 1623-இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களை முதன்முதலில் தொகுத்து அச்சிட்டதும் யாரோ உடுத்திக் கிழித்த துணியின்மேல்தான்.

கே: அப்படியானால் ஏழைகள் என்ன உடுத்தினார்கள் என்பது தெரியவே தெரியாதா?
— நாகர்கோவில் வாசகி

ப: தெரியும். தெரிந்த விதம்தான் நெஞ்சைப் பிசையும். 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் ஃபவுண்ட்லிங் காப்பகத்தில் பிள்ளையை வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் குழந்தையை விட்டுச் செல்வார்கள். பின்னால் மீட்க வந்தால் அடையாளம் வேண்டுமே! அதற்காகக் குழந்தையின் உடையிலிருந்தோ தாயின் உடையிலிருந்தோ ஒரு துண்டு வெட்டிப் பதிவுத்தாளில் குத்தி வைத்தார்கள். 1741 முதல் 1760 வரை சேர்ந்தவை மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல். பூப்போட்ட பருத்தி, கோடு போட்ட லினன், ரிப்பன். பிரிட்டனில் அந்த நூற்றாண்டின் சாதாரண ஜனங்களின் துணி இவ்வளவு வேறெங்கும் மிஞ்சவில்லை. ஜான் ஸ்டைல்ஸ் என்ற வரலாற்றாசிரியர் இவற்றை வைத்து 2010-இல் ஒரு கண்காட்சியே நடத்தினார்.

1767-இல் ஒரு தாய், இதய வடிவம் தைத்த ஒட்டுத்துணியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மகனோடு விட்டுப்போனார். 1775-இல் வந்து மகனை மீட்டார். அது அபூர்வம். பெரும்பாலான துண்டுகளைத் தேடி யாரும் வரவில்லை.

கே: உடை வரலாற்று அறிஞர்களுக்குள் ஏதோ கட்சிச் சண்டை என்கிறார்களே?
— புதுக்கோட்டை வாசகர்

ப: உண்டு. ஒரு பக்கம் தத்துவக்காரர்கள். ரோலான் பார்த் 1967-இல் ஃபேஷனைப் பற்றிக் கனமான ஒரு நூல் எழுதினார். அதற்கு அவர் ஆராய்ந்தது 1958-59 காலத்துப் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் உடைப் படங்களுக்குக் கீழே அச்சான வாசகங்களை. உடையைத் தொடவேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. மறுபக்கம் இஞ்ச்டேப்காரர்கள். அவர்களின் தலைவி ஜேனட் அர்னால்ட். 1964 முதல் பழைய உடைகளை உள்ளும் புறமும் அளந்து, தையல்காரர் வெட்டிய வடிவத்தையே காகிதத்தில் வரைந்து புத்தகமாக்கினார். 'அளந்தால் ஆயிற்றா, அர்த்தம் வேண்டாமா?' என்பார்கள் அவர்கள். 'முதலில் பொத்தான் எந்தப் பக்கம் என்று பாருங்கள்' என்பார்கள் இவர்கள்.

என் ஓட்டு இஞ்ச்டேப்புக்கு. காரணம், ஃப்ளாரன்ஸ் நகரத்து எலியனோரா சீமாட்டி. பிரான்ஸினோ 1545 வாக்கில் வரைந்த அவருடைய ஓவியம் உலகப் புகழ் பெற்றது. 1562-இல் அவர் இறந்தபோது ஓவியத்தில் உள்ள அதே கவுனோடுதான் புதைத்தார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். கல்லறையிலிருந்து நார்நாராக வந்த துணியை விரித்து ஆராய்ந்ததும் கதை கலைந்தது. ஓவியத்தில் இருப்பது பெரிய பூவேலை நெய்த கனமான துணி. புதைத்ததோ வெல்வெட் கரை வைத்த சாட்டின் கவுன். எத்தனை தத்துவம் படித்தாலும் இது தெரியவந்திருக்காது. அர்னால்ட் வரைந்த கல்லறை உடையின் வெட்டு 1985-இல் அச்சேறியது.

கே: இந்த ஆராய்ச்சியில் நம் பக்கத்துத் துணி எதுவும் இல்லையா?
— கடலூர் வாசகர்

ப: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே. சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமிட்ட பருத்தித் துணிமேல் ஐரோப்பா பைத்தியமாக இருந்தது. உள்ளூர் நெசவாளர் பிழைப்பு போகிறதென்று பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடையே செய்தது. தடையும் போட்டுக்கொண்டு ரகசியத்தையும் தேடினார்கள். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி போலியு, 1734 வாக்கில் புதுச்சேரியில் சாயக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றுவது, படிகாரம் தடவுவது, சாயவேரில் கொதிக்கவைத்துச் சிவப்பு வரவழைப்பது, நீலத்துக்காக மெழுகு பூசுவது எல்லாம் எழுதினார். ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்தார். தொழில் திருட்டுதான். ஆனால் நம் சாயக்காரர்கள் யாரும் எழுதிவைக்காத செய்முறை, துண்டுகளோடு இன்று பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. திருடியவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருப்பதுதான் எரிச்சல்.

கே: மர்லின் மன்றோவின் கவுனைக் கிம் கர்தாஷியன் போட்டதற்கு ஏன் அத்தனை கூச்சல்? துணி போடத்தானே?
— சென்னை வாசகி

ப: அது 1962-இல் கென்னடி பிறந்தநாள் பாட்டுக்குத் தைத்தது, 2016 ஏலத்தில் விலை 48 லட்சம் டாலர். 2022-இல் அதைப் போட்டுக்கொண்டு நியூயார்க் மெட் விழாவுக்குப் போனதும், உலக அருங்காட்சியக மன்றத்தின் உடைக் குழு 'வரலாற்று உடையை யாருமே அணியக் கூடாது' என்று அறிக்கை விட்டது. வியர்வை, வெளிச்சம், இழுவிசை மூன்றும் பழைய இழைக்கு எமன். அருங்காட்சியகத்தில் உடைக்கு ஏற்றபடி பொம்மையைச் செதுக்குவார்களே தவிர, பொம்மைக்காக உடையை இழுக்கமாட்டார்கள். அந்த வகையில், மூன்று வாரத்தில் ஏழு கிலோ குறைத்த கிம் பாதி விதியைப் பின்பற்றியிருக்கிறார்.

கே: சரித்திரப் படம் பார்க்கும்போது உங்கள் கண் எங்கே போகும்?
— சேலம் வாசகர்

ப: மகாராணியின் முதுகுக்கு. ஃபேஷன் உடைகளில் ஜிப் பரவியதே 1930-களில்தான். அவர் திரும்பாதவரை எனக்கு ஆட்சேபணை இல்லை.