கையில் ஒரு தேள்

கேள்வி: கல்லூரி விழாவுக்குக் கையில் தேள் டாட்டூ வேண்டும். வீட்டிலிருக்கும் மார்க்கர் பேனாவால் வரைந்து, மேலே ஹேர் ஸ்பிரே அடித்தால் நிற்குமா?

பதில்: சில நாள் நிற்கும். ஆனால் வரைந்த தேள் கொட்டாது. வரைந்த மை கொட்டலாம்! அந்த மை அட்டைக்கும் பிளாஸ்டிக்குக்கும் செய்தது, தோலுக்கு அல்ல.

கொல்லையில் மருதாணி இருக்கும்போது ஏன் கவலை? காய்ந்த இலையைப் பொடித்துத் துணியில் இரண்டு முறை சலியுங்கள். திப்பி இருந்தால் கூம்பின் முனை அடைத்துக்கொள்ளும், தேளுக்கு ஒரு கால் குறையும். எலுமிச்சைச் சாறும் துளி சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து ஓர் இரவு ஊறவிடுங்கள். புளிப்பு, இலையிலுள்ள லாசோன் என்ற சாயத்தை வெளியே கொண்டுவரும். சர்க்கரை, விழுதைத் தோலில் ஒட்டவைக்கும். பழைய பால் கவரில் கூம்பு செய்து வரையலாம். காய்ந்த விழுதை உதிர்த்ததும் ஆரஞ்சாக இருந்தால் முகம் வாடாதீர்கள். சாயம் தோலின் கெரட்டினோடு பிணைந்து இரண்டு நாளில் கருஞ்சிவப்பாகும். ஆகவே விழாவுக்கு இரண்டு நாள் முன்பே வரையுங்கள்.

கருந்தேள்தான் வேண்டும் என்று கடையில் ‘கறுப்பு மருதாணி’ மட்டும் வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம் இருக்கும். கொப்புளம் வரலாம், அந்த ஒவ்வாமை வாழ்நாளெல்லாம் தொடரலாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள தம்பி தங்கை இருந்தால், அசல் மருதாணியும் அவர்களுக்கு ஆகாது.

கொடுக்கு உள்ளங்கையில் முடியட்டும். அங்கே தோல் தடிமன், சிவப்பு நன்றாகப் பிடிக்கும்.