கழுதை ஏறியவனும் கையெழுத்துப் போட்டவனும்

உத்திரமேரூரில் பதவிக்கு ஆசைப்பட்டவனுக்கு முதல் எதிரி சொந்தக்காரன்தான். முன்பு ஊர்க் காரியம் பார்க்கும் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் நழுவியவன் ஒருவன் வம்சத்தில் இருந்தால் போதும். அவனுடைய மகன், மருமகன், மாமனார், மாமன், அண்ணன் தம்பி, சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று அத்தனை பேர் பெயரும் அடிபட்டுப்போகும். ஒருவன் அமுக்கிய பணத்துக்கு ஒரு கல்யாணப் பந்தியே தகுதியிழந்து எழுந்து போக வேண்டும்.

பராந்தக சோழன் காலத்தில் 919இலும் 921இலும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிவைத்த விதிகள் இவை. இரண்டே வருஷத்தில் எதற்கு இரண்டாவது தீர்மானம்? முதல் தீர்மானத்தில் சந்து கண்டுபிடிக்க நம்மவர்களுக்கு இரண்டு வருஷம் தாராளம் என்பது என் ஊகம்.

நிற்கிறவனுக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35 தாண்டி 70க்குள் இருக்க வேண்டும். திருடியவன் கூடாது, கள்ளக் கையெழுத்துப் போட்டவன் கூடாது, கழுதை ஏறியவன் கூடவே கூடாது. கழுதையைக் குறை சொல்லவில்லை. தப்புச் செய்தவனை ஊரார் அதன்மேல் உட்காரவைத்து ஊர்வலம் விடுவார்கள். ஒருமுறை போனவன் மறுமுறை சபைக்கு வர முடியாது.

ஊரின் முப்பது குடும்புக்கும், அதாவது வார்டுக்கும், ஓலை எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அவன் எடுத்த ஓலையை வாங்குகிற மத்யஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். மூடிய கையை அந்த ஊர் நம்பவில்லை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எதுவானாலும் பதவி 360 நாள். நடுவில் குற்றம் கண்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

ரொம்பவும் புல்லரிக்க வேண்டாம். அது பிராமணர்களுக்குத் தானமாக விட்ட சதுர்வேதிமங்கலம். ஏரித் தண்ணீரை வயலுக்குத் திருப்பியவனுக்கும், நாற்று நட்டவளுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. தீர்மானம் போட்டபோதுகூட ராஜாவின் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இன்றைய பாஷையில் சொன்னால் மேலிடப் பார்வையாளர். ஆனாலும் அந்தச் சபைக்கு ஒரு விஷயம் விளங்கியிருந்தது: யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட, யார் யாருக்குக் கணக்குச் சொல்கிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

இனி 1639க்குத் தாவலாம். பக்கத்து வந்தவாசிப் பக்கம் அதிகாரம் செய்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர், துணி வாங்க வந்த ஆங்கிலக் கம்பெனிக்குக் கடற்கரையில் கொஞ்சம் மணலும், கோட்டை கட்ட அனுமதியும், சுங்கச் சலுகையும் எழுதிக் கொடுத்தார். இன்றைய பெயர்: சிறப்புப் பொருளாதார மண்டலம். மணல்தானே என்று நாயக்கர் நினைத்திருக்கலாம். அந்த மணலில் எழும்பியதுதான் மெட்ராஸ்.

அடுத்து வந்தார் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. சண்டைக்குக் கம்பெனியின் சிப்பாய்களை வாடகைக்கு எடுத்தார். வாடகை கொடுக்கக் கம்பெனியின் குமாஸ்தாக்களிடமே வட்டிக்கு வாங்கினார். வட்டி கட்ட மறுபடி வாங்கினார். 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். உத்திரமேரூரும் அதற்குள் போய்விட்டது. கொடுத்த கையோடு அதே சீமையைக் கம்பெனியிடமே குத்தகைக்கும் எடுத்துக்கொண்டார். தன் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருப்பவரை நம் தெருவிலும் பார்த்திருக்கிறோம். நவாப் அதை ஒரு ஜில்லா அளவுக்குச் செய்தார்.

கடன்காரர்களில் நட்சத்திரம் பால் பென்ஃபீல்டு. கம்பெனியில் சின்ன உத்தியோகம், சின்னச் சம்பளம். ஆனால் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து தனக்கு இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் வரவேண்டும் என்று 1776இல் அவர் ஒரு கணக்கை நீட்டினார். கவர்னர் பிகாட், ‘இவ்வளவு சம்பளத்தில் இவ்வளவு கடன் எப்படிக் கொடுத்தாய்?’ என்கிற தினுசில் முறைத்தார். அதன் பலன், கவுன்சில்காரர்கள் கவர்னரையே பிடித்துக் காவலில் வைத்தார்கள். அடுத்த வருஷம் காவலிலேயே அவர் செத்தும் போனார். கணக்குக் கேட்டவர் உள்ளே, கணக்குக் காட்டாதவர் வெளியே! உத்திரமேரூர்ச் சட்டத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் இப்படித்தான் இருக்கும்.

கடைசியில் 1801இல் அஜீம் உத் தௌலா என்ற நவாப் கர்நாடகத்தின் மொத்த நிர்வாகத்தையும் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்துவிட்டு, நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வந்தவாசி யுத்தம் பெரிய எழுத்தில் இருக்கும். சீமை கைமாறியதில் பீரங்கிக்குப் பங்கு உண்டுதான்; பேனாவின் பங்கு குறைவில்லை.

வெள்ளைக்காரன் போன பிறகு பேனா நம் கைக்கு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில் ‘டங்கல் திட்டத்தை எதிர்ப்போம்’ என்று எழுதியிருந்ததை வாசித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. டங்கல் என்பது ஆளா, நோயா என்று பலருக்குத் தெரியாது. ஆள்தான், காட் என்ற உலக வணிக உடன்பாட்டு அமைப்பின் அன்றைய தலைவர் ஆர்தர் டங்கல். 1994 ஏப்ரலில் மொராக்கோவின் மராகேஷ் நகரில், அந்தத் திட்டத்திலிருந்து பிறந்த ஒப்பந்தத்தில் பிரணாப் முகர்ஜி இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டார். 1995 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக அமைப்பு நடைமுறைக்கு வந்தது.

அதற்கேற்ப மருந்துக் காப்புரிமைச் சட்டத்தை மாற்ற 1994 கடைசி நாளில் ஓர் அவசரச் சட்டம் போட்டார்கள். மாநிலங்களவை அசையவில்லை, 1995 மார்ச்சில் அவசரச் சட்டம் காலாவதியானது. நாடாளுமன்றம் என்று ஒன்று இருந்தால் இப்படி நடக்கத்தான் செய்யும். அமெரிக்கா அந்த அமைப்பு இருக்கும் ஜெனீவாவுக்குப் போய் வழக்குப் போட்டது. 1997இல் இந்தியா தோற்றது. 1999இல் அதே நாடாளுமன்றம் சமர்த்தாகக் கை தூக்கியது. முதலில் வேண்டாம் என்று சொன்ன எம்.பி.க்களை, நாம் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்களாவது தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். பிறகு வேண்டும் என்று சொல்லவைத்த நீதிபதிகளுக்கு எந்தக் குடத்திலும் நாம் ஓலை போடவில்லை.

அதனால் நமக்கென்ன என்று கேட்பவர்கள், அறுவடைக் காலத்தில் உத்திரமேரூர் பக்கத்து நெல் கொள்முதல் நிலையம் எதற்காவது போகலாம். களத்தில் நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போர்த்தி, ஈரப்பதம் கூடுதல் என்று சொல்லிவிடுவார்களோ, சாக்கு தீர்ந்துவிடுமோ, மழை வந்துவிடுமோ என்று காவல் இருப்பவருக்குத் தெரியாத இன்னொரு கவலை ஜெனீவாவில் இருக்கிறது. அவருக்குத் தரும் ஆதார விலையை அங்கே 1986-88ஆம் வருஷ விலையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மானியம் என்று எழுதுவார்கள். மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் தாண்டக் கூடாது. 2018-19இல் அரிசிக்கு 11.46 சதவீதம் ஆகிவிட்டது என்று இந்தியாவே ஒப்புக்கொண்டு, வரம்பு மீறினாலும் வழக்கு வராது என்று 2013இல் பாலியில் வாங்கிய ‘சமாதான விதி’யைக் காட்டித் தப்பித்தது. 1986-88, டீ என்ன விலை விற்ற காலம் அது! அந்த விலையை இன்றைக்கு டீக்கடையில் நீட்டிப் பாருங்கள்.

இத்தனைக்கும் விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அரசியல் சட்டத்தின் 253ஆவது பிரிவு, வெளிநாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாநில விஷயத்திலும் டெல்லி சட்டம் போடலாம் என்கிறது. கையெழுத்துப் போட டெல்லி, கொள்முதல் நிலையத்தில் வசவு வாங்க சென்னை.

உத்திரமேரூர் இருக்கும் எங்கள் மாவட்டத்துக்கே தனியாக ஒரு வழக்கும் வாய்த்தது. ஒரகடத்தில் கார் தொழிற்சாலை வைக்க 2008இல் நிசான் கம்பெனிக்குத் தமிழக அரசு சலுகைகள் தருவதாக எழுதிக் கொடுத்தது. பாக்கி நின்றது. 2016இல் நிசான் தலைவர் கார்லோஸ் கோன் பிரதமரிடமே முறையிட்டுப் பார்த்தார். அப்புறம், 2011இல் இந்தியாவும் ஜப்பானும் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி, 5,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு இந்தியா மீது சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது கம்பெனி. சொன்ன பணத்தைக் கொடுக்காதது நம் தப்பு; அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் அதே ஒரகடத்தில் சிப்காட்டுக்கு நிலம் கொடுத்தவர் நஷ்டஈடு பாக்கிக்காகத் தாலுகா ஆபீஸ், ஆர்.டி.ஓ., கோர்ட்டு என்று செருப்புத் தேய நடக்க வேண்டும். அவருக்கென்று ஒரு சர்வதேச மன்றத்தை யாரும் திறந்துவைக்கவில்லை.

2020இல் அந்த வழக்கு சமரசமானது. அதற்குள் கார்லோஸ் கோன், தன் மீதே வழக்குகள் குவிந்த ஜப்பானிலிருந்து, வாத்தியப் பெட்டிக்குள் சுருண்டு படுத்து விமானத்தில் தப்பிப் போயிருந்தார். 2025இல் நிசான் அந்தத் தொழிற்சாலையின் தன் பங்கைக் கூட்டாளிக் கம்பெனியான ரெனோவுக்கே விற்றுவிட்டது.

ஒப்பந்தமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒரகடத்தில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் பிள்ளைகள்தான். போடுவதற்கு முன்னால் ஊர்ச் சபையில் படித்துக் காட்டு என்கிறேன், அவ்வளவுதான். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூர் கல்வெட்டை எடுத்துப் பேசினார், எங்களுக்கும் பெருமைதான். 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. கம்பெனி புறப்பட்டு வந்த அந்த நாட்டில் 2010ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது: இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் வைத்து, 21 அமர்வு நாள் காத்திருந்து, எம்.பி.க்கள் மறுக்கவில்லை என்றால்தான் உறுதிசெய்ய முடியும். இங்கே அமைச்சரவை ஒப்புதல் போதும்.

கல்வெட்டு நம்மிடம் இருக்கிறது, பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. எந்த ஒப்பந்தத்தில் அந்தப் பழக்கத்தை எழுதிக் கொடுத்தோம் என்று யாராவது தேடிப் பார்த்தால் தேவலை.